விம்பிள்டனை நேரில் பார்ப்பது எப்படி? வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

லண்டனில் நடக்கும் விம்பிள்டன் டென்னிஸ் போட்டிக்கு டிக்கெட் என்றாலே நம் ஆட்கள் "அதெல்லாம் நமக்குக் கிடைக்குமா" என்று கையை விரித்துவிடுவார்கள். முக்கிய மைதானமான சென்டர் கோர்ட்டில் இறுதி ஆட்டம் என்றால் அந்தப் பேச்சு நியாயம்தான். அதற்கு அதிர்ஷ்டம் வேண்டும், இல்லாவிட்டால் பெரும் பணம் வேண்டும். ஆனால் ஜூன் கடைசியில் லண்டனில் இருக்கிறீர்கள், கையில் டிக்கெட் இல்லை என்று வையுங்கள். விடியற்காலையில் போய் வரிசையில் நின்று, அன்றைக்கே பணம் கட்டி உள்ளே போய், உலகத் தரவரிசையில் முதல் நூறுக்குள் இருப்பவர்கள் ஆடுவதைப் பத்தடி தூரத்தில் பார்த்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு அறைக்குத் திரும்பலாம். இதற்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை.

என் கட்சி இதுதான்: முதல் தடவை போகிறவர் சென்டர் கோர்ட்டைத் துரத்த வேண்டாம். முதல் வாரத்தில் இரண்டு நாள், கிரவுண்ட்ஸ் பாஸ் எனப்படும் பொது நுழைவு டிக்கெட்டில், வெளிக் கோர்ட்டுகளில் சுற்றுங்கள். மற்ற வழிகளையும் சொல்கிறேன். ஆனாலும் வழிகாட்டி முழுவதும் இந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

எந்த நாளில் போவது

டிக்கெட்டுக்கு முன் முடிவு செய்ய வேண்டியது இது. விமான டிக்கெட்டைத் தப்பான வாரத்துக்கு எடுத்துவிட்டால் அப்புறம் எதுவும் சரியாக வராது.

போட்டி ஒரு திங்கட்கிழமை தொடங்கி, அடுத்த வார ஞாயிறு முடியும். 2025-ல் ஜூன் 30 முதல் ஜூலை 13 வரை நடந்தது. முன்பெல்லாம் நடுவில் வரும் ஞாயிறு ஓய்வு நாள். 2022-லிருந்து அன்றும் ஆட்டம் உண்டு, ஆக மொத்தம் பதினான்கு நாள்.

ஒற்றையர் பிரிவில் ஆண்கள் 128 பேர், பெண்கள் 128 பேர். முதல் சுற்றில் மட்டும் 128 ஆட்டங்கள். இவை முதல் திங்கள், செவ்வாய் இரண்டு நாளில் முடிய வேண்டும். இருப்பது 18 கோர்ட். அதனால் எந்தச் சந்தில் திரும்பினாலும் ஓர் ஒற்றையர் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். உலகத் தரவரிசையில் இருபதாம் இடத்தில் இருப்பவர், மூன்று வரிசை பெஞ்சு மட்டுமே உள்ள ஒரு கோர்ட்டில் ஆடிக்கொண்டிருப்பார். புதன், வியாழனில் இரண்டாம் சுற்று. அப்போது இரட்டையர் ஆட்டங்களும் சேர்ந்துகொள்ளும். கிரவுண்ட்ஸ் பாஸுக்கு இந்த நான்கு நாளை மிஞ்சி எதுவும் இல்லை. வெள்ளி, சனியும் மோசமில்லை.

இரண்டாவது வாரத்தில் கதை மாறும். மிச்சமிருக்கும் ஒற்றையர் ஆட்டங்கள் எல்லாம் பெரிய கோர்ட்டுகளுக்குப் போய்விடும். வெளியே இரட்டையர், சிறுவர் சிறுமியர் போட்டி, சக்கர நாற்காலி டென்னிஸ், பழைய நட்சத்திரங்களின் அழைப்பு ஆட்டங்கள். பாஸின் விலையும் இறங்கும், கூட்டமும் குறையும். ஜூனியர் ஆட்டங்களை யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம். 1954-ல் இங்கே சிறுவர் பட்டம் வென்றவர் நம் ராமநாதன் கிருஷ்ணன். 1960, 1961 இரண்டு ஆண்டும் ஆண்கள் ஒற்றையர் அரையிறுதி வரை வந்தவரும் அவரே. 1979-ல் அதே சிறுவர் பட்டத்தை அவர் மகன் ரமேஷ் வென்றார். 1998-ல் வென்ற பையன் பெயர் ரோஜர் ஃபெடரர். நாளைய சாம்பியன் ஒருவரை இருபது பேரோடு உட்கார்ந்து பார்த்தோம் என்று பின்னால் சொல்லிக்கொள்ள ஆசை இருந்தால், இரண்டாவது வாரம் போங்கள்.

டிக்கெட் கிடைக்கும் வழிகள்

முதலாவது குலுக்கல். 1924-லிருந்து நடக்கிறது. போட்டிக்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் வாக்கில், விம்பிள்டன் இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கிப் பதிவு செய்ய வேண்டும். பதிவு இரண்டு வாரம் போலத்தான் திறந்திருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களும் பதிவு செய்யலாம். பெயர் விழுந்தால் நாளும் கோர்ட்டும் அவர்கள் சொல்வதுதான், நாம் கேட்டு வாங்க முடியாது. வேண்டுமென்றால் பணம் கட்டலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். டிக்கெட்டை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கவும் முடியாது. பதிவு செய்ய ஐந்து நிமிடம், செலவு ஒன்றுமில்லை. அதனால் செப்டம்பரில் மறக்காமல் போட்டு வையுங்கள், ஆனால் அதை நம்பி எந்த ஏற்பாடும் செய்யாதீர்கள்.

இரண்டாவது டிபெஞ்சர் இருக்கைகள். சென்டர் கோர்ட்டுக்கும் ஒன்றாம் கோர்ட்டுக்கும் ஐந்து ஆண்டு உரிமையாக, போட்டியை நடத்தும் கிளப் விற்கும் பத்திரங்கள் இவை. வாங்கியவர், தான் போகாத நாளின் டிக்கெட்டை வெளியே விற்கலாம். சட்டப்படி கைமாறக்கூடிய விம்பிள்டன் டிக்கெட் இந்த ஒரு வகைதான். சாதாரண நாளுக்கே ஒரு மாதச் சம்பளம் போய்விடும். பணம் ஒரு பொருட்டில்லை என்பவர்களுக்கு இது நேர் வழி.

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் தனியார் மறுவிற்பனைத் தளங்களில் "சென்டர் கோர்ட், உறுதி" என்று விற்கப்படும் டிக்கெட் டிபெஞ்சர் வகையா என்று கேட்டுத் தெளிந்த பிறகே பணம் கட்டுங்கள். சாதாரண டிக்கெட்டைக் கைமாற்றி விற்றது தெரிந்தால் கிளப் அதை ரத்து செய்துவிடும். வாசலில் நின்று அழுதாலும் உள்ளே விடமாட்டார்கள்.

மூன்றாவது வழி வரிசை. அதைத் தனியாக, நிதானமாகப் பார்ப்போம்.

விசா, தங்குமிடம், போக்குவரத்து

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு சுற்றுலா விசா வேண்டும். பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. அதனால் ஏப்ரல் தொடக்கத்தில் தொடங்கினால் ஜூன் கடைசிக்குச் சரியாக இருக்கும். கோடை நெருங்க நெருங்கக் கைரேகை கொடுக்க நேரம் கிடைப்பது சிரமமாகும். விண்ணப்பத்தோடு போட்டி டிக்கெட் காட்ட வேண்டிய அவசியமில்லை. மலேசியா, சிங்கப்பூர், கனடா, ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் 2025 ஜனவரியிலிருந்து மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். முன்பு போல டிக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது.

தங்குவதற்கு, விம்பிள்டனிலேயே அறை தேடாதீர்கள். அந்த இரண்டு வாரம் வாடகை எகிறிவிடும். லண்டன் ட்யூப் ரயிலின் டிஸ்ட்ரிக்ட் லைன் ஓடும் தடத்தில் எங்காவது இருந்தால் போதும். எர்ல்ஸ் கோர்ட், ஃபுல்ஹம், பட்னி எல்லாம் வசதி. நம்மவர்களுக்கு இன்னொரு நல்ல இடம் டூட்டிங். ஈழத்தமிழர் கடைகளும் தோசைக் கடைகளும் நிறைந்த பகுதி அது. அங்கிருந்து புறப்படும் 493 எண் பஸ் விம்பிள்டன் ஸ்டேஷன் வழியாக மைதானத்தின் பக்கமே போகிறது. விம்பிள்டன் எஃப்ரா சாலையில் ஈழத்தமிழர்கள் 1981-ல் தொடங்கிய கணபதி கோவிலும் உண்டு. வரிசையில் நல்ல எண் கிடைக்க அங்கே ஒரு தேங்காய் உடைப்பது உங்கள் விருப்பம்.

மைதானத்துக்கு இறங்க வேண்டிய ஸ்டேஷன் சவுத்ஃபீல்ட்ஸ். பெயரைப் பார்த்து விம்பிள்டன் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் அதிகம். அங்கிருந்து நடை கூடுதல், ஏற்றமும் உண்டு. சவுத்ஃபீல்ட்ஸிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் வரிசை நிற்கும் பூங்கா வந்துவிடும். ரயிலுக்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டாம், வங்கி அட்டையைத் தட்டிவிட்டே போய் வரலாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஒருவருக்கு ஒரு பை. அளவு 40 செ.மீ. × 30 செ.மீ. × 30 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும். கல்லூரிப் பையன்கள் மாட்டும் சாதாரண முதுகுப் பை சரியாக வரும். கெட்டியான பெட்டிகள், செல்ஃபி குச்சி, 300 மி.மீ.-க்கு மேற்பட்ட கேமரா லென்ஸ் எதுவும் உள்ளே போகாது. ஃபிளாஸ்க் இருந்தால் அரை லிட்டருக்குள் இருக்கட்டும்.

மெல்லிய மழைக்கோட்டு, தொப்பி, சன்ஸ்கிரீன், ஒரு ஸ்வெட்டர். நான்கும் ஒரே நாளில் தேவைப்படும், இதில் மிகையே இல்லை. மதியம் தோல் எரியும், ஏழு மணிக்குக் குளிர் ஊசியாய்க் குத்தும். பவர் பேங்க் மிக முக்கியம், ஏனென்றால் டிக்கெட், ஆட்ட அட்டவணை, மறுவிற்பனை எல்லாமே விம்பிள்டன் ஆப்பில். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆப்பை இறக்கி, கணக்குத் தொடங்கி, உள்ளே நுழைந்து பார்த்துவிடுங்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் வங்கி அட்டையும் வேண்டும். ரொக்கத்தை நம்ப வேண்டாம்.

சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை. இவ்வளவு பெரிய போட்டியில் இந்தப் பெருந்தன்மை அபூர்வம். ஆளுக்கு ஒரு பாட்டில் ஒயின், அல்லது இரண்டு கேன் பீர்கூட அனுமதி. எலுமிச்சை சாதமோ சப்பாத்தி ரோலோ கட்டிக்கொண்டு போனால் உள்ளே ஒரு சாண்ட்விச்சுக்காக அரை மணி நேரம் நிற்க வேண்டாம். காலி தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், நிரப்பிக்கொள்ளக் குழாய்கள் இருக்கின்றன.

வரிசை

கிளப்புக்கு எதிர்ப்புறம் உள்ள விம்பிள்டன் பார்க் புல்வெளியில்தான் வரிசை. பூங்காவுக்குள் நுழைந்ததும் உயரமாக ஒரு கொடி தெரியும். வரிசையின் வால் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். அங்கே போனால் வரிசையைக் கவனிக்கும் ஊழியர்களான ஸ்டூவர்டுகள் எண்ணும் தேதியும் உள்ள வரிசை அட்டை தருவார்கள். அதுதான் உங்கள் இடம். நண்பருக்காக இடம் பிடித்து வைப்பதெல்லாம் நடக்காது, ஆளுக்கு ஓர் அட்டை, ஆள் நேரில் இருக்க வேண்டும். இடத்தை விட்டுப் போனால் அரை மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும். கழிப்பறையும் தண்ணீரும் இரவு முழுவதும் உண்டு.

சென்டர் கோர்ட், ஒன்றாம் கோர்ட், இரண்டாம் கோர்ட் ஒவ்வொன்றுக்கும் நாளுக்குச் சுமார் 500 டிக்கெட் வரிசைக்கென்று ஒதுக்குகிறார்கள். கடைசி நான்கு நாள் மட்டும் சென்டர் கோர்ட்டுக்கு இப்படிக் கிடையாது. அதற்குப் பின்னால் நிற்பவர்களுக்கு ஆயிரக்கணக்கில் கிரவுண்ட்ஸ் பாஸ். 2025-ல் முதல் வாரத்தில் அதன் விலை 30 பவுண்டு.

எப்போது போய் நிற்க வேண்டும் என்பது, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. சென்டர் கோர்ட் வேண்டுமா? முதல் நாள் மதியமே போய்க் கூடாரம் போட வேண்டும், பெரிய பெயர்கள் ஆடும் நாளென்றால் இன்னும் முன்னால். ஒன்றாம், இரண்டாம் கோர்ட்டுக்கு முதல் நாள் மாலை போனாலும் வாய்ப்பு இருக்கிறது. கிரவுண்ட்ஸ் பாஸ் போதுமென்றால் இரவு தங்கவே வேண்டாம். காலை முதல் ரயிலைப் பிடித்து ஆறு மணிவாக்கில் நின்றால் முதல் ஆட்டம் தொடங்குவதற்குள் உள்ளே இருக்கலாம். எட்டு, ஒன்பது மணிக்கு நிதானமாக வந்தால்? மைதானம் நிரம்பியபின் ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே போகலாம் என்று ஆகிவிடும். வெயிலில் மணிக்கணக்காக நிற்க நேரும். அதைவிட, காலையில் ஊர் சுற்றிவிட்டு நேராக மாலைக்குப் போவது புத்திசாலித்தனம். ஐந்து மணிக்கு மேல் பாஸ் விலை குறைவு. அந்தப் பருவத்தில் லண்டனில் ஒன்பது மணி தாண்டித்தான் சூரியன் மறையும் என்பதால் முழுதாக நான்கு மணி நேரம் ஆட்டம் பார்க்கலாம். வேலை முடிந்து வரும் லண்டன்காரர்களின் வழக்கம் இது.

இரவு தங்குவதென்றால் இரண்டு பேர் படுக்கும் கூடாரத்துக்கு மேல் அனுமதியில்லை. அடுப்பு மூட்டக் கூடாது. பத்து மணிக்குப் பின் பாட்டு, சத்தம் கூடாது. பீட்சா வரவழைக்கலாம், அதற்கும் பத்து மணிதான் கெடு. டெல்லிவரிப் பையனைக் கேட் வரை போய்ச் சந்திக்க வேண்டும்.

விடியும் நேரம்தான் பார்க்க வேண்டியது. ஐந்தே கால் மணிக்கே நல்ல வெளிச்சம். ஐந்தரை, ஆறு மணிக்கு ஸ்டூவர்டுகள் கூடாரங்களுக்கு நடுவே நடந்து வந்து துணியைத் தட்டி, "எழுந்திருங்கள், கூடாரத்தைச் சுருட்டுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். ஜிப்புகள் திறக்கும் சத்தம் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடும். பனியில் நனைந்த கூடாரத் துணியை மடிக்க மடிக்கக் கை விறைக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷோடு கழிப்பறை முன்னால் இன்னொரு வரிசை. இரவெல்லாம் பரந்து கிடந்த கூட்டம் ஒரு மணி நேரத்தில் நெருக்கமான கோடாகச் சுருங்கிவிடும். கூடாரத்தையும் மூட்டைகளையும் அங்கேயே இருக்கும் க்ளோக் ரூமில் கட்டணம் கட்டி வைத்துவிட வேண்டும், மைதானத்துக்குள் கொண்டுபோக முடியாது.

ஏழரை மணிவாக்கில் முன்வரிசையில் இருப்பவர்களுக்குப் பெரிய கோர்ட்டுகளுக்கான கைப்பட்டை கட்டத் தொடங்குவார்கள். இங்கே ஒரு நுணுக்கம். அட்டை எண் 500-க்கு மேல் போனாலே சென்டர் கோர்ட் போயிற்று என்று முடிவு கட்ட வேண்டாம். முன்னால் இருப்பவர்களில் சிலர், தங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரர் ஒன்றாம் கோர்ட்டில் ஆடுகிறார் என்று அதைக் கேட்டு வாங்குவார்கள். அதனால் முதல் நாள் மாலையில் வெளியாகும் ஆட்ட வரிசையைப் படித்துவிட்டு, எது வேண்டும், அது இல்லாவிட்டால் எது என்று இரண்டையும் யோசித்து வைத்திருங்கள். ஸ்டூவர்ட் வந்து கேட்கும்போது பத்து விநாடியில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பத்து மணிக்கு வாயில் திறக்கும். விமான நிலையம் போலச் சோதனை உண்டு.

உள்ளே போனதும்

வெளிக் கோர்ட்டுகளில் பதினொரு மணிக்கு ஆட்டம் தொடங்கும். ஒன்றாம் கோர்ட்டில் ஒரு மணிக்கு, சென்டர் கோர்ட்டில் ஒன்றரைக்கு. பத்திலிருந்து பதினொன்று வரை கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம் தங்கம். பெரும்பாலோர் அதைக் கடையில் டவல் வாங்கவும் போட்டோ எடுக்கவும் செலவழிப்பார்கள். நீங்கள் நேராகப் பிடித்த கோர்ட்டுக்குப் போய் உட்காருங்கள். டவல் மாலையிலும் அங்கேதான் இருக்கும்.

பாஸை வைத்துக்கொண்டு மூன்றாம் கோர்ட்டின் முன்பதிவில்லாத பகுதியிலும், நான்கு முதல் பதினெட்டு வரை உள்ள கோர்ட்டுகளிலும் உட்காரலாம். பதின்மூன்றாம் எண்ணைத் தேடாதீர்கள், அப்படி ஒரு கோர்ட்டே கிடையாது. கொஞ்சம் பெரியது வேண்டுமென்றால் பன்னிரண்டாம் கோர்ட். பதினெட்டாம் கோர்ட்டில்தான் 2010-ல் ஜான் இஸ்னரும் நிக்கோலா மாயூவும் மூன்று நாளாக 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள். ஐந்தாவது செட் 70-68. அதற்கு அங்கே ஒரு பலகையும் வைத்திருக்கிறார்கள். இப்போது அப்படி நடக்க வழியில்லை, 2022 முதல் கடைசி செட்டும் 6-6 ஆனால் முடிவு காண பத்துப் புள்ளி டை-பிரேக்.

என் தேர்வு நான்கு முதல் பதினொன்று வரையான சின்னக் கோர்ட்டுகள். டிவியில் டென்னிஸ் பார்த்தே பழகியவருக்கு இங்கே முதல் ஐந்து நிமிடம் திகைப்புதான். டிவி கேமரா மேலிருந்து பார்ப்பதால் பந்தின் வேகம் பாதிதான் நமக்குத் தெரிகிறது. தரையோடு தரையாகப் பெஞ்சில் உட்கார்ந்தால், பந்து வலைக்கு மேல் எவ்வளவு ஒட்டிப் போகிறது, புல்லில் பட்டதும் எழும்பாமல் எப்படி வழுக்கிக்கொண்டு வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். எட்டு மில்லிமீட்டருக்கு வெட்டிய புல் அது. இரட்டையர் ஆட்டத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் முன் இருவரும் பந்தால் வாயை மூடிக்கொண்டு குசுகுசுப்பது, சர்வீஸ் போடுபவரின் கூட்டாளி முதுகுக்குப் பின்னால் விரலால் காட்டும் சைகை, புள்ளி போனபின் பயிற்சியாளர் பக்கம் வீசும் பார்வை எல்லாம் கை நீட்டும் தூரத்தில். முதல் திங்களன்று தரை பச்சைக் கம்பளமாக இருக்கும். நாள் போகப் போக, அடிக்கோட்டை ஒட்டி மண் தெரியும் அளவுக்குத் தேயும், வலைப்பக்கம் பச்சை அப்படியே நிற்கும். வலைக்கு ஓடி வந்து ஆடுவது வழக்கமாக இருந்த காலத்தில் அங்கேயும் தடம் விழுந்திருக்கும். இன்றைய டென்னிஸ் எங்கிருந்து ஆடப்படுகிறது என்பதைத் தரையே சொல்லிவிடும்.

இடம் பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பார்வையாளர்களை ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும்போதுதான் உள்ளே விடுவார்கள். நல்ல ஆட்டம் நடக்கும் கோர்ட்டின் வாசலில் போய் நிற்பதைவிட, அதற்கு முந்தைய ஆட்டம் முடியும் தறுவாயில் போவது மேல். ஆட்டம் முடிந்ததும் பாதிப் பேர் எழுந்து போவார்கள், அந்த நேரத்தில் முன்வரிசைக்கே நகர்ந்துவிடலாம். எழுந்து போனால் இடம் போய்விடும் என்பதால், இரண்டு பேராகப் போவது நல்லது. ஒருவர் இருக்க, ஒருவர் சாப்பிட்டு வரலாம். ஒரு கோர்ட்டில் 6-1, 4-0 என்று ஒருதலைப்பட்சமாகப் போனால் பாசம் பார்க்காமல் எழுந்துவிடுங்கள். ஆப்பில் மற்ற கோர்ட்டுகளின் ஸ்கோர் ஓடிக்கொண்டே இருக்கும். எங்காவது ஐந்தாவது செட் 4-4 என்று தெரிந்தால் நடையைக் கட்டுங்கள்.

போன் சத்தம் வரக் கூடாது, பந்து ஆட்டத்தில் இருக்கும்போது வாய் திறக்கக் கூடாது. இரண்டு சர்வீஸும் தப்பிப்போகும் இரட்டைத் தவறுக்குக் கைதட்டினால் பக்கத்துப் பாட்டி திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அது போதும். 2025 முதல் கோட்டு நடுவர்கள் இல்லை, "அவுட்" என்பதை இயந்திரக் குரல்தான் சொல்கிறது. பல ஆண்டுகளாகப் பார்ப்பவர்களுக்கு இதில் மனக்குறை. எனக்கும்தான். வரிசையாக நின்று குனிந்து கூர்ந்து பார்த்த அந்த ஆட்கள் இல்லாமல் கோர்ட் கொஞ்சம் வெறிச்சோடித்தான் இருக்கிறது.

உடை பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். வெள்ளை விதி ஆடுபவர்களுக்கு மட்டும்தான். நீங்கள் ஜீன்ஸ், டி-சர்ட் போட்டுக்கொண்டு போகலாம். ஸ்ட்ராபெரியும் கிரீமும் ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கள். 2010-லிருந்து 2.50 பவுண்டாகவே வைத்திருந்து 2025-ல்தான் 2.70 ஆக்கினார்கள். அந்த வளாகத்தில் விலை நியாயமாக இருக்கும் ஒரே பண்டம் அதுதான் என்று தோன்றும்.

மாலையில் சென்டர் கோர்ட்டுக்குள் போகும் வழி

வெளியே அதிகம் பேருக்குத் தெரியாத சமாச்சாரம் இது. பெரிய கோர்ட்டு டிக்கெட் வைத்திருப்பவர்கள் சீக்கிரம் கிளம்பும்போது, அந்த இருக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். அவற்றைக் கிளப் மதியம் மூன்று மணிவாக்கிலிருந்து, உள்ளே ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மறுபடி விற்கிறது. 1954-லிருந்து நடக்கிறது இது. சென்டர் கோர்ட் இருக்கை 15 பவுண்டு, மற்றவை 10 பவுண்டு அளவில். வரும் பணம் அறக்காரியங்களுக்குப் போகிறது. உள்ளே இருந்துகொண்டு ஆப்பில் மறுவிற்பனை வரிசையில் சேர வேண்டும், முறை வந்ததும் பதினெட்டாம் கோர்ட்டுக்கு மேலே மேட்டில் உள்ள விற்பனைக் கவுண்டருக்குப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆப்பில் சேர்க்கை திறந்ததும் சேர்ந்துவிடுங்கள், சேர்ந்துவிட்டு ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கலாம். சென்டர் கோர்ட்டில் மூன்றாவது ஆட்டம் பெரும்பாலும் ஆறு, ஏழு மணிக்குமேல்தான் தொடங்கும். அந்த நேரத்தில் பெரிய இடத்து ஆட்கள் இரவு உணவுக்குக் கிளம்பியிருப்பார்கள். கூரை மூடி விளக்கு போட்டாலும் இரவு 11 மணிக்கு ஆட்டத்தை நிறுத்தியாக வேண்டும், உள்ளூர் நிர்வாகத்தின் நிபந்தனை அது.

டிக்கெட் கிடைக்கவில்லையா? மேட்டுப் புல்வெளியில் பெரிய திரை இருக்கிறது. பேச்சு வழக்கில் ஹென்மன் ஹில். வெள்ளைக்காரக் குடும்பங்கள் போர்வை விரித்து, கூடையைத் திறந்து உட்கார்ந்திருக்கும். நீங்களும் எலுமிச்சை சாதத்தைத் திறக்கலாம்.

மழை

கூரை இருப்பது இரண்டு கோர்ட்டுக்குத்தான். சென்டர் கோர்ட்டுக்கு 2009-ல் வந்தது, ஒன்றாம் கோர்ட்டுக்கு 2019-ல். மற்ற இடங்களில் தூறல் விழுந்ததும் பணியாட்கள் ஓடி வந்து தார்ப்பாயை இழுத்து மூடிவிடுவார்கள். ஈரப் புல் வழுக்கும் என்பதால் சிறு தூறலுக்கும் ஆட்டம் நிற்கும். அன்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆட்டம் நடந்திருந்தால் முழுப் பணமும், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவென்றால் பாதியும் திரும்பும். அதனால் மழை வந்ததும் டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம். அங்கேயே இருக்கும் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டலாம். மழை விட்டபின் பாதிக் கூட்டம் போயிருக்கும், முன்வரிசை பெஞ்சு எல்லாம் காலியாகக் கிடக்கும். துடைத்துக்கொள்ள ஒரு பழைய துண்டு இருந்தால் நீங்கள்தான் ராஜா.

அந்த இரண்டு வாரமும் ஒத்துவராதவர்களுக்கு

பள்ளி விடுமுறை, அலுவலக லீவு எதுவும் சேரவில்லை, ஒரு வாரம் முன்னால்தான் லண்டனில் இருக்க முடியும் என்றால் ரோஹாம்ப்டனுக்குப் போங்கள். தகுதிச் சுற்று அங்கேதான் நடக்கிறது. டிக்கெட் முன்கூட்டியே இணையத்தில் விற்கப்படும், விலை முக்கியப் போட்டியைவிட மிகக் குறைவு. ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் மூன்று சுற்று வென்றால் விம்பிள்டனுக்குள் இடம், தோற்றால் வீடு. ஒரு காலத்தில் முதல் முப்பதில் இருந்தவர் காயத்துக்குப் பின் இங்கே வந்து, பதினெட்டு வயதுப் பையனிடம் மூச்சுத் திணறுவதைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். இந்திய ஆட்டக்காரர்கள் ஒற்றையரில் ஆடுவதைப் பார்க்கவும் பெரும்பாலும் இங்கேதான் வாய்ப்பு. ரோஹாம்ப்டனுக்கு ட்யூப் ரயில் கிடையாது. பட்னியில் இறங்கி பஸ் பிடியுங்கள், சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.